வாட்ஸ்அப்பில் வந்த படம் சுவர் அளவுக்குத் தாங்குமா?

கேள்வி: அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்தில் மாமா மகன் செல்போனில் எடுத்த படம் ஒன்று மிக நன்றாக வந்திருக்கிறது. படுக்கைவாக்கில் 24-க்கு 36 இன்ச் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்ட ஆசை. என்னிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த 1600-க்கு 1200 பிக்சல் ஃபைல். லேப்பில் "உடையும் சார், 300 டிபிஐ வேணும்" என்றார்கள். போட்டோஷாப்பில் 72 என்று இருந்ததை 300 என்று மாற்றிக் கொடுத்தேன். அப்படியும் உடையும் என்கிறார்கள். ஏஐ வைத்துப் பெரிதாக்கலாமா?

பதில்: போட்டோஷாப்பை மூடிவிட்டு முதலில் மாமா மகனுக்கு ஒரு போன் போடுங்கள். அவரிடம் இருக்கும் ஒரிஜினல் ஃபைல் கிடைத்துவிட்டால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் போகிற வழியிலேயே சுருங்கிவிடும். நீளப் பக்கம் 1600 பிக்சலில் நிற்பது அந்தச் சுருக்கத்தின் அடையாளம். ஒரிஜினல் பெரும்பாலும் 12 மெகாபிக்சல், அதாவது 4032-க்கு 3024 இருக்கும். அதை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் தரச் சொல்லுங்கள். 'எச்டி' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் ஓரளவு சுருக்கம் உண்டு. போனையே மாற்றிவிட்டேன் என்பாரானால், பழைய கணக்கின் கூகுள் போட்டோஸில் தேடச் சொல்லுங்கள். பேக்கப் ஓடியிருந்தால் அங்கே கிடக்கும்.

இனி அந்த 72, 300 விவகாரம். இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் என்பதைச் சொல்லும் எண்கள் இவை. 'ரீசாம்பிள்' (பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் வசதி) டிக்கை எடுத்துவிட்டு 72-ஐ 300 ஆக்கினால் படத்தில் ஒரு பிக்சல்கூடக் கூடாது. அதே 1600 பிக்சலை இன்ச்சுக்கு 300 வீதம் நெருக்கி அடிக்கச் சொல்கிறீர்கள். படம் 5 இன்ச் சொச்சம் அகலத்துக்கு வரும், அவ்வளவுதான். டிக்கை வைத்துக்கொண்டு, படத்தை அந்த வடிவத்துக்கு வெட்டி, அளவையும் 24-க்கு 36 என்று கொடுத்தால் 10800-க்கு 7200 பிக்சலில் கனமான ஃபைல் ஒன்று கிடைக்கும். அதில் 45 பிக்சலுக்கு ஒன்றுதான் கேமரா பார்த்தது. மற்ற 44-ம் பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைச் சராசரி பார்த்து மென்பொருள் நிரப்பியவை. லேப்காரர் பழகிய கண்ணோடு பார்க்கிறவர், எண்ணை மாற்றியதை நம்ப மாட்டார்.

ஆனால் அவர் சொல்லும் 300-ம் உங்கள் ஹாலுக்குத் தேவையில்லை. அது கையில் பிடித்துப் பார்க்கும் ஆல்பத்துக்கான கணக்கு. எத்தனை இன்ச் தூரத்திலிருந்து பார்ப்பீர்களோ, அந்த எண்ணால் 3440-ஐ வகுத்துப் பாருங்கள். நல்ல பார்வையுள்ள கண் அந்தத் தூரத்தில் இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் வரை பிரித்தறியும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். ஓர் அடியில் 280-ஐ ஒட்டி வரும், இரண்டரை அடியில் 115, ஆறு அடியில் 50-க்கும் கீழே. 2015-ல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 6-ல் எடுத்த படங்களைப் பெரிய பெரிய விளம்பரப் பலகைகளில் வைத்தது. அந்த போனின் கேமரா வெறும் 8 மெகாபிக்சல். தூரத்திலிருந்து பார்க்கும்போது அது குறையாகத் தெரிவதில்லை.

உங்கள் படத்துக்கு வருவோம். ஒரிஜினலின் 4032 பிக்சலை 36 இன்ச்சுக்குப் பரப்பினால் இன்ச்சுக்கு 112. இரண்டரை அடி தள்ளி நின்று பார்க்க இது போதும். வாட்ஸ்அப் ஃபைலில் அதே கணக்கு 44-தான். சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் கல்யாணப் படம் ஆயிற்றே, வருகிற சொந்தக்காரர்கள் அப்படியா பார்ப்பார்கள்? "பின்னாடி நிக்கிறது யாரு, நம்ம சித்தப்பாவா?" என்று மூக்கு இடிக்கிற தூரத்துக்குப் போவார்கள்.

சரி, ஏஐ. இயற்கைக் காட்சி, கட்டடம், கோயில் கோபுரம் என்றால் தயங்காமல் பயன்படுத்தலாம். ஒரு இலை கொஞ்சம் மாறினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. முகம் அப்படியில்லை. உங்கள் வாட்ஸ்அப் ஃபைலில் அம்மாவின் முகம் 150 பிக்சல் அகலம் இருக்கிறது என்று வையுங்கள். முகத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒரு கண். ஆக 30 பிக்சல், அதில் கருவிழிக்குப் பத்துப் பன்னிரண்டு. இந்தப் பத்துப் பிக்சலை வைத்துக்கொண்டு மென்பொருள் இமை முடி, விழியில் விழும் ஒளி, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் வரைந்துதான் ஆகவேண்டும். வரையும், அழகாகவே வரையும். ஆனால் அது மென்பொருள் பழகிய ஆயிரக்கணக்கான முகங்களின் கண், அம்மாவுடையது அல்ல. சுருக்கம் மறைந்து, பல்வரிசை ஒரே சீராகி, அக்காவா தங்கையா என்று கேட்கும்படி ஆகிவிடும். பட்டுப்புடவை ஜரிகையிலும் இதே வம்புதான், பார்டரில் இல்லாத டிசைன் முளைக்கும்.

அதனால் ஒரிஜினல் கையில் வந்ததும் இப்படிச் செய்யுங்கள். போன் படம் 4-க்கு 3 விகிதம், நீங்கள் கேட்பது 3-க்கு 2. மேலே கீழே கொஞ்சம் வெட்டுப்படும், எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்து வெட்டுங்கள், லேப்பில் விட்டால் பந்தல்கால் தப்பித்து உள்ளங்கால் போய்விடும். அடுத்து, நிழல் பகுதிகளில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் இருந்தால் லேசாகக் குறையுங்கள். பெரிதாக்குவதற்கு முன்பே செய்யவேண்டியது இது, இல்லாவிட்டால் புள்ளிகளும் சேர்ந்து பெரிதாகும். பிறகு இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். போட்டோஷாப்பில் 'பிரிசர்வ் டீட்டெயில்ஸ் 2.0' போதும். அது இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் அப்ஸ்கேல் (Upscayl) என்ற மென்பொருள் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அதுவும் ஏஐதான். முகங்களை நூறு சதவீதத்தில் வைத்துப் பாருங்கள், மாறியிருந்தால் முகங்களை மட்டும் சாதாரண 'பைக்யூபிக்' முறையில் (பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி பார்த்து நிரப்புவது) பெரிதாக்கிய படத்திலிருந்து எடுத்து மேலே ஒட்டிவிடலாம். ஷார்ப்பன் செய்வது, அதாவது விளிம்புகளைக் கூராக்குவது, கடைசி வேலை. ஸ்கிரீனில் ஒரு துளி அதிகம் என்று தோன்றும் அளவில் நிறுத்துங்கள், பேப்பரில் மை பரவும்போது அது சரியாகிவிடும். பத்து பத்து சதவீதமாகப் பெரிதாக்கினால் தரம் கூடும் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், பழைய நம்பிக்கை அது.

ஒரிஜினல் கிடைக்கவே இல்லையா? 24-க்கு 36 ஆசையை விட்டு 12-க்கு 18 போடுங்கள். இன்ச்சுக்கு 89 பிக்சல் வரும், மூன்றடியில் நின்று பார்க்க மோசமில்லை. படத்தைச் சுற்றி அகலமான வெள்ளை மவுண்ட் அட்டை வைத்து ஃபிரேம் போட்டால் சுவரில் இடமும் நிறையும்.

முழு பிரிண்டுக்குப் பணம் கட்டுமுன், தயாரான ஃபைலிலிருந்து அம்மாவின் முகமும் ஜரிகையும் வருகிற மாதிரி 8-க்கு 12 இன்ச் துண்டு ஒன்றை வெட்டி, அளவை மாற்றாமல், அதே பேப்பரில் அடித்து வாங்குங்கள். சுவரில் ஒட்டிவைத்துப் பகலிலும் டியூப்லைட்டிலும் பாருங்கள். போனில் பார்த்ததைவிட இருட்டாக இருந்தால் பிரைட்னஸைக் கொஞ்சம் ஏற்றவேண்டும், பெரும்பாலும் ஏற்றவேண்டித்தான் இருக்கும். பேப்பரில் கிளாஸி வேண்டாம், மேட் அல்லது கேன்வாஸ் கேளுங்கள். இரண்டும் சின்னச் சின்ன மங்கலை மூடிவிடும். கேன்வாஸைக் கட்டையில் இழுத்து மடித்துத் தருவார்கள் என்றால், நாலு பக்கமும் எத்தனை இன்ச் மடிப்புக்குப் போகும் என்று முன்கூட்டியே கேட்டு அந்த அளவுக்குக் கூடுதல் இடம் விட்டுக் கொடுங்கள்.