குச்சி எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), நான்காவது மாதம். நுனி இலைகள் முட்டைக்கோஸ் போலக் கொத்தாகச் சுருண்டுவிட்டன. தண்டு கோணி, கணுக்கள் நெருங்கிவிட்டன. கடையில் கொடுத்த மருந்தை மூன்று முறை அடித்தும் வெள்ளை மாவு போகவில்லை. பக்கத்துத் தோட்டம் சுத்தமாக இருக்கிறது. நான் நட்டது ஆத்தூர் மைத்துனர் கொடுத்த குச்சி. அடுத்து எந்த மருந்து அடிக்கலாம் ஐயா?
— ஒரு விவசாயி, ராசிபுரம்

பதில்: இன்னொரு மருந்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. இது மரவள்ளி மாவுப்பூச்சி. சுருண்ட நுனிக்குள், மெழுகுப் பூச்சுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. மேலே அடிக்கும் மருந்து அதன்மேல் படுவதே அரிது. இரண்டு மருந்தைக் கலந்து, கூடவே ஒரு டானிக்கையும் தலையில் கட்டுகிற கடைக்காரருக்கு இது தெரியாமல் இல்லை. அவர் அறுவடை செய்வது பில் பணத்தை.

பூச்சி எப்படி வந்தது என்றல்லவா நீங்கள் கேட்டிருக்க வேண்டும்? தென் அமெரிக்கப் பூச்சியான இதை இந்தியாவில் முதலில் 2020-இல் திருச்சூரில் கண்டார்கள். பிறகு சேலம், நாமக்கல் என்று பரவியது. பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. குஞ்சுகளைக் காற்று அடுத்த வயல்வரை தள்ளும்; மாவட்டம் தாண்டுவதற்கு நம் குச்சிக்கட்டுதான் வாகனம். ஆண் துணையில்லாமலே பெருகும் இனம் என்பதால், கட்டுக்குள் ஒன்று ஒளிந்திருந்தாலே போதும். உரமூட்டைக்கு நான்கு கடை ஏறி விலை கேட்கிறவர்கள், சும்மா கிடைக்கிற குச்சியைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. மைத்துனரைக் குறை சொல்லவில்லை; அவருக்கும் யாரோ கொடுத்திருப்பார்கள். குச்சி சொந்தத் தோட்டத்தில், பூச்சியில்லாத செடியில், நீங்களே பொறுக்கியதாக இருக்க வேண்டும். தேறுகிற செடிகளுக்கு இப்போதே கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். வெளியில் வாங்கியே தீர வேண்டுமென்றால் செடி நிற்கும்போதே போய்ப் பாருங்கள். வெட்டிக் கட்டிய பிறகு பார்ப்பது வீண். அறுவடையில் பூச்சி விழுந்த தண்டுகளை வரப்பில் அடுக்காமல் எரித்துவிடுங்கள்.

நிற்கிற பயிருக்கு வழி, அனாகைரஸ் லோபெசி என்ற சிறு குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குளவியின் புழு உள்ளிருந்தே தின்று தீர்க்கும். ஆப்பிரிக்காவில் 1980-களில் இந்தப் பூச்சியை அடக்கியது இதுதான். பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டார்கள். நீங்கள் மூன்று முறை அடித்ததில் ஒருவேளை செத்தது இந்தக் குளவியாகவே இருக்கலாம். நுனியைப் பிரித்துப் பாருங்கள். பழுப்பேறி உப்பிய பூச்சிக்கூடுகள் தெரிந்தால் குளவி வந்துவிட்டது. அந்த நுனிகளை அப்படியே விடுங்கள். தெரியாவிட்டால், கொத்து நுனிகளை ஒடித்துப் பையில் கட்டி வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டு, ஏத்தாப்பூரில் குளவி கேளுங்கள். அதுவரையும் அதற்குப் பிறகும் தெளிப்பான் கொட்டகையிலேயே இருக்கட்டும்.