லெ மூலுக்கு வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, வணக்கம். சொந்த ஊர் காரைக்கால், இப்போது பாரிஸ் புறநகரில் வாசம், கரீபியனில் பிரான்ஸைச் சேர்ந்த குவாதலூப்பில் லெ மூல் என்ற ஊருக்குக் கணக்கு வாத்தியாராக மாற்றல் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். "அங்கே நம்ம ஆட்கள் நிறைய இருக்கிறார்களாமே, உண்மையா? மனைவி, குழந்தையோடு வந்தால் காலம் தள்ள முடியுமா? ரொம்ப ஒதுக்குப்புறமா?" என்று மூன்று கேள்வி. நான் புதுச்சேரியிலிருந்து வந்து இந்த ஊரிலேயே வீடு வாசல் என்று தங்கிவிட்டவன். வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் "நம்ம ஆட்கள்" என்ற எண்ணத்தை மட்டும் கொஞ்சம் சரிசெய்துகொண்டு வாருங்கள். அது ஏன் என்று சொல்ல ஊரின் கதையையே சொல்ல வேண்டும்.

முதலில் ஊர் இருக்கும் இடம். குவாதலூப் என்பது முக்கியமாக இரண்டு தீவு. நடுவே ஒடுக்கமான உப்பங்கழி. மேற்கே பாஸ்-தேர்: எரிமலை, காடு, அருவி, ஓயாத மழை. அங்கே சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர் உயரம். கிழக்கே கிராந்த்-தேர்: தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம், கண்ணுக்கு எட்டிய வரை கரும்பு. லெ மூல் இந்தக் கிழக்குப் பாதியில், அட்லாண்டிக்கைப் பார்த்த கரையில் இருக்கிறது. படங்களில் பார்க்கும் அசையாத நீலக் கடலை இங்கே எதிர்பார்க்காதீர்கள். வருஷம் முழுக்கக் கிழக்குக் காற்று அடிக்கும், பவளப்பாறை மேல் அலை மோதிக்கொண்டே இருக்கும். தாமான்கூர் பக்கம் அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருவார்கள். குழந்தையோடு குளிக்க ஓத்ர் போர் கடற்கரை போதும். அங்கே பாறைவரிசை அலையைத் தடுத்துவிடுகிறது.

அந்தக் காற்றால்தான் இந்த ஊரே வந்தது. 1635இல் பிரெஞ்சுக்காரர்கள் தீவைப் பிடித்தார்கள். அப்புறம் கிராந்த்-தேர் முழுக்கக் கரும்புத் தோட்டம் ஆயிற்று. கரும்பு பிழியக் காற்றாலை, ஆலைக்குக் காற்று, சர்க்கரையை ஏற்றக் கப்பல். பாறைவரிசையில் இங்கே ஒரு திறப்பு இருந்ததால் கப்பல் உள்ளே வர முடிந்தது. ஒரு காலத்தில் இது தீவின் முக்கியமான சர்க்கரைத் துறைமுகங்களில் ஒன்று. புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகம் தலையெடுத்த பின் இங்கே கப்பல் குறைந்தது. மொட்டையாக நிற்கும் கல் காற்றாலைகளை வயல் நடுவே இன்றும் பார்க்கலாம். கார்தெல் சர்க்கரை ஆலை மட்டும் இன்னும் ஓடுகிறது. அறுவடை மாதங்களில் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பள்ளிக்குத் தாமதம்தான், கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.

அந்த ஆலைகளைச் சுற்றி உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட அடிமைகள். ஊருக்கு வடக்கே சென்ற்-மார்கெரித் கடற்கரையில் மணலுக்கு அடியில் அவர்களுடைய இடுகாடு இருக்கிறது. தொல்லியலாளர்கள் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் எலும்புக்கூடுகள் கிடைத்தன. பெயர்ப்பலகை வைத்த கல்லறை ஒன்றுகூட இல்லை. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794இல் அடிமை முறையை ஒழித்தது. நெப்போலியன் 1802இல் திரும்பக் கொண்டுவந்தார். கடைசியாக ஒழிந்தது 1848 மே மாதம். விடுதலை கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடுங்கிய ஊர் இது, தம்பி. மே 27 இங்கே விடுமுறை. அன்றைக்கு வகுப்பு இல்லை என்பதோடு விட்டுவிடாதீர்கள், ஊர்க் கூட்டத்துக்குப் போய் நில்லுங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். விடுதலையானவர்கள் பழைய எஜமானின் கரும்புக் காட்டில் பழைய மாதிரி குனிய மறுத்தார்கள். முதலாளிகள் வேறு கையைத் தேடினார்கள். அந்தக் கை நம் கடற்கரையிலிருந்து வந்தது. 1854 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் 'ஒரேலி' என்ற கப்பல் 300க்கும் மேற்பட்ட இந்தியர்களோடு புவாந்த்-ஆ-பித்ரில் கரை சேர்ந்தது. அதிலிருந்து 1889 வரை வந்தவர்கள் சுமார் 42,000 பேர். புதுச்சேரியிலும் உங்கள் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். பின்னால் கல்கத்தாவிலிருந்தும் வந்தார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், முடிந்தால் திருப்பி அனுப்புவோம் என்ற வாக்கு. திரும்பியவர்கள் 10,000 பேர்கூட இல்லை. நோயிலும் வேலையிலும் செத்தவர்கள் போக மிச்சப் பேர் இங்கேயே வேர் விட்டார்கள்.

ஆகவே உங்கள் வகுப்பில் ராமசாமி இருப்பான், முத்துசாமி இருப்பாள், வீராசாமி இருப்பான். இங்கே அவை குடும்பப் பெயர்கள். முன்னால் ஒரு பிரெஞ்சுப் பெயர் இருக்கும். வருகைப் பதிவேட்டைத் திறந்ததும் மனசு துள்ளும், அது இயல்பு. ஆனால் அந்தப் பிள்ளையிடம் போய்த் தமிழில் பேசாதீர்கள், "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்காதீர்கள். அவனுக்கு ஊர் லெ மூல்தான். அவன் வீட்டில் பேசுவது கிரியோல் என்ற இந்தத் தீவு மொழி, பள்ளியில் பிரெஞ்சு. ஐந்தாறு தலைமுறை ஆகிவிட்டது. நாம் நேற்று விமானத்தில் வந்தவர்கள். அவர்கள் பாட்டன் பூட்டன் இந்த மண்ணுக்காக அடிபட்டவர்கள். இங்கே கப்பெஸ்தேர் என்ற ஊரைச் சேர்ந்த ஆன்ரி சிதம்பரம் 1904இல் தொடங்கி 1923 வரை வழக்காடித்தான் இந்திய வம்சத்தாருக்கு ஓட்டுரிமை, பிரெஞ்சுக் குடியுரிமை எல்லாம் கிடைத்தது. நாம் புதுச்சேரிக் குடும்பம் என்ற கணக்கில் சுலபமாக வைத்திருக்கும் அதே பாஸ்போர்ட்தான்.

நம்மவர்களில் சிலர் இங்கே வந்து, "உங்கள் பூஜை சரியில்லை, ஆகமப்படி இல்லை" என்று பாடம் நடத்துகிறார்கள். எனக்கு அதைக் கேட்கவே பொறுக்காது. இங்கே மாரியம்மனை 'மாலியெமென்' என்பார்கள். மதுரை வீரனும் உண்டு. ஒரு குடும்பம் வேண்டுதல் வைத்தால் வீட்டு முற்றத்துக் கோயிலில் விடிகாலையிலேயே 'மத்தலோன்' முழங்கத் தொடங்கிவிடும், நம் மத்தளமேதான். வேப்பிலையை 'வெப்பெலெ' என்றே சொல்வார்கள். பூசாரி கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. அதில் பிரெஞ்சு எழுத்தில் தமிழ்ப் பாட்டு. அர்த்தம் முழுக்கத் தெரியாமல், ஒரு எழுத்து பிசகக் கூடாதே என்று விரல் வைத்துப் பாடுவார். கிடா வெட்டி, வந்தவர் யாராக இருந்தாலும் வாழை இலையில் சோறு. கறுப்பினத்து அண்டை வீட்டாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பாதிரிமார் ஞானஸ்நானம் கொடுத்த பிறகும், ஊர் கேலி செய்த காலத்திலும், எழுத்துப் படிப்பு இல்லாமல் காப்பாற்றி வைத்த வழிபாடு இது. கூப்பிட்டால் போங்கள், ஓரமாக நில்லுங்கள், இலையில் போட்டதைச் சாப்பிடுங்கள். சைவம் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு தேதியும் தெரிந்திருக்க வேண்டும்: 1952 பிப்ரவரி 14. கூலி உயர்வு கேட்டுக் கரும்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்த ஊர்த் தெருவில் போலீஸ் சுட்டு 4 பேர் இறந்தார்கள். குவாதலூப் காலனி என்ற பெயர் போய் பிரான்ஸின் மாகாணமாகி அப்போது ஆறு வருஷம்கூட ஆகவில்லை. வருஷா வருஷம் நினைவுகூர்கிறார்கள். பாரிஸிலிருந்து வரும் அரசு ஊழியரை இந்த ஊர் ஏன் கொஞ்சம் அளந்து பார்க்கிறது என்பது இதைத் தெரிந்துகொண்டால் புரியும். அதை மனசில் வைத்துக்கொண்டு, கடையோ வங்கியோ டாக்டர் வீடோ, உள்ளே நுழைந்ததும் இருப்பவர் எல்லோருக்கும் "போன்ஜூர்" சொல்லுங்கள். சொல்லாமல் நேராகக் காரியத்தைக் கேட்பவரை இங்கே மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

சரி, பிழைப்பு விஷயம். தண்ணீர்தான் பெரிய தொல்லை. சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஆறு நிற்காது. குடிநீர் பாஸ்-தேர் மலையிலிருந்து குழாயில் வருகிறது. குழாய்கள் பழசு, பாதிக்கு மேல் வழியிலேயே கசிந்து போகிறது. முறைவைத்துத் தண்ணீர் நிறுத்துவார்கள். ஆகவே தொட்டி இல்லாத வீட்டை வாடகைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அடுத்தது சர்காசம் பாசி. 2011 முதல் கடலிலிருந்து மலை மலையாகக் கரை ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை நாற்றம், தலைவலி, வீட்டு மின்சாமான்கூடக் கறுத்துப் போகும். குழந்தை இருப்பதால் கடலை ஒட்டிய வீடு வேண்டாம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 1928 புயலில் தீவில் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள்; 1989இல் 'ஹ்யூகோ' இந்தப் பக்கத்தைத்தான் புரட்டிப்போட்டது. ஊதா எச்சரிக்கை வந்தால் வெளியே கால் வைக்கக் கூடாது.

அரசு ஊழியருக்கு 40 சதவீதம் கூடுதல் சம்பளம் உண்டு. கடை விலை அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆனால் சந்தைக்குப் போனால் உங்கள் மனைவி சந்தோஷப்படுவார்: சௌசௌ, சேப்பங்கிழங்கு, பூசணி, மாங்காய், புளி எல்லாம் கிடைக்கும். 'கொலம்போ' என்று விற்கும் மசாலாப் பொடியில் மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு. ஆட்டுக்கறிக்கு நம் குழம்புப் பொடி மாதிரியே பொருந்தும். உளுந்தும் இட்லி அரிசியும் பாரிஸிலிருந்து கொண்டு வாருங்கள்.

ஒதுக்குப்புறமா என்றால், ஆமாம். பாரிஸிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் விமானம். காரைக்கால் நேரம் ஒன்பதரை மணி நேரம் முன்னால் ஓடும், அம்மாவோடு பேச உங்கள் காலை நேரம்தான் வசதி. அவர்களை இங்கே அழைக்க நினைத்தால் ஐரோப்பாவுக்கு வாங்கும் ஷெங்கன் விசா செல்லாது, குவாதலூப்புக்கென்று கேட்டு வாங்க வேண்டும். கார் இல்லாமல் ஒன்றும் நடக்காது. பேருந்து மாலையோடு சரி. தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடையாது, குழந்தைக்கு வீட்டில் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

வீடு பார்க்கத் தொடங்கியதும் தெருப் பெயரை எழுதுங்கள். பாசி ஒதுங்கும் பக்கமா, தண்ணீர் எந்த நாளில் நிற்கும் என்று விசாரித்துச் சொல்கிறேன்.