விமானம் ஓட்டுவது உரிமையா, அரசு தரும் சலுகையா?

கேள்வி இதுதான்: "விமானம் ஓட்டுவது குடிமகனின் உரிமையா, அரசாங்கம் பார்த்துக் கொடுக்கும் சலுகையா? அமெரிக்காவில் எப்படி, இந்தியாவில் எப்படி? சி.பி.எல். (சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டிய கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) படிக்கலாமா என்று யோசிக்கிறேன்."

நான் அமெரிக்காவில் செஸ்னா என்ற சின்ன விமானம் ஓட்டுபவன். கையில் இருப்பது பிரைவேட் பைலட் லைசென்ஸ், அதற்கு மேல் ஒன்றுமில்லை. எனக்குப் பழக்கமான இந்த ஊர்ச் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆகாயம் யாருக்குச் சொந்தம் என்பதில் இங்கே குழப்பமில்லை. வான்வெளி மீது இறையாண்மை அரசுக்கு. அதன் வழியாகப் போய்வரும் பொது உரிமை குடிமக்களுக்கு. இரண்டும் ஒரே சட்டப் பிரிவில் அடுத்தடுத்து இருக்கின்றன. நிலம் வைத்திருப்பவனுக்கு மேலே உள்ள வானமும் சொந்தம் என்றொரு பழைய ஆங்கிலேயச் சட்டக் கொள்கை உண்டு. 1946-ல் உச்ச நீதிமன்றம் அதை ஓரங்கட்டியது. வட கரோலினாவில் காஸ்பி என்பவரின் கோழிப்பண்ணைக்கு மேலே ராணுவ விமானங்கள் 83 அடி உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. சத்தத்தில் மிரண்ட கோழிகள் சுவரில் மோதி 150 வரை செத்தன. வானம் பொதுவழிதான், ஆனால் கூரையை உரசுகிற மாதிரிப் பறந்தால் இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம்.

நெடுஞ்சாலையும் எல்லோருக்கும் பொதுதான், வண்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டுமே, அதுபோலத்தான் இதுவும் என்று பலர் இந்த இடத்தில் பதிலை முடித்துவிடுவார்கள். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. சலுகை என்றால் மனசு வந்தால் கொடுப்பார்கள், வராவிட்டால் மாட்டார்கள். பைலட் லைசென்ஸ் அந்த ரகம் கிடையாது. விண்ணப்பித்தவருக்குத் தகுதியும் உடல்நலமும் இருப்பதாகத் தெரிந்தால் எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) அதை வழங்கியே ஆக வேண்டும் என்கிறது சட்டம். குறைந்தது 40 மணி நேரம் பறந்து, எழுத்துத் தேர்வும் செக்ரைடும் (தேர்வாளர் முன் ஓட்டிக்காட்டும் தேர்வு) தேறிவிட்டால், மூஞ்சி பிடிக்கவில்லை என்று ஒருவரை நிறுத்தி வைக்க முடியாது.

கிடைக்கும் பிளாஸ்டிக் அட்டையில் ரைட் சகோதரர்களின் படம் இருக்கும். காலாவதித் தேதி இருக்காது. முதல் தடவை பார்க்கும்போது ஆயுசுக்கும் வானம் நம்முடையது என்ற நினைப்பு வரத்தான் செய்யும். ஆனால் அட்டை மட்டும் போதாது. மருத்துவச் சான்று வேண்டும். நாங்கள் சுருக்கமாக மெடிக்கல் என்போம். என் வகை மெடிக்கல் 40 வயதுக்குள் என்றால் 60 மாதம் செல்லும், அதற்கு மேல் 24 மாதம்தான். 24 மாதத்துக்கு ஒருமுறை ஒரு பயிற்றுநரோடு உட்கார்ந்து ஓட்டிக்காட்டவும் வேண்டும்.

இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. கடந்த 90 நாளில் மூன்று முறையாவது ஏறி இறங்கியிருந்தால்தான் பயணி யாரையும் ஏற்றலாம். இல்லையென்றால் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போகக்கூட வழியில்லை. தனியாகப் போவதை இந்த விதி தடுக்காது. அதாவது நீ உன் உயிரை வைத்து விளையாடுவதைவிட அடுத்தவர் உயிரை வைத்து விளையாடுவதைத்தான் சட்டம் கறாராகப் பார்க்கிறது. அல்ட்ராலைட் என்ற மிக லேசான பறக்கும் வண்டிகளுக்கான விதிகளில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். மோட்டார் வைத்த அல்ட்ராலைட் என்றால் ஒரே இருக்கை, 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் வெற்று எடை, அதிகபட்சம் ஐந்து காலன் பெட்ரோல். இதற்கு லைசென்ஸும் வேண்டாம், மெடிக்கலும் வேண்டாம். பகல் வெளிச்சத்தில் பறக்க வேண்டும், ஜன நெருக்கம் உள்ள இடத்துக்கு மேலே போகக் கூடாது, இப்படிச் சில கட்டுப்பாடுகள் மட்டும். கீழே விழுந்தால் உன் எலும்பு உன் பாடு.

உரிமையா சலுகையா என்பது உண்மையில் தெரியவருவது கொடுக்கும்போது அல்ல, பிடுங்கும்போது. பாப் ஹூவர் கதை இங்கே பைலட்டுகள் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போரில் சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மானியர்களிடம் கைதியாக இருந்தவர். அங்கிருந்து ஒரு ஜெர்மன் போர் விமானத்தையே திருடிக்கொண்டு தப்பி வந்தவர். 1947-ல் சக் யேகர் ஒலியின் வேகத்தைத் தாண்டியபோது பக்கத்தில் துணை விமானத்தில் பறந்தவரும் இவரே. பிற்காலத்தில் ஏர்ஷோக்களில், விமானத்தை உருட்டிச் சுழற்றிக்கொண்டே ஒரு கையால் டம்ளரில் ஐஸ் டீ ஊற்றுவார், ஒரு சொட்டு சிந்தாது. 1992-ல் ஓக்லஹோமா சிட்டியில் அவர் பறந்ததைப் பார்த்த இரண்டு எஃப்.ஏ.ஏ. ஆய்வாளர்கள், இவருக்குப் பழைய தெளிவு இல்லை என்கிற மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு 70 வயது. லைசென்ஸ் அட்டை அவர் கையில்தான் இருந்தது. போனது மெடிக்கல், அதுவும் அவசர உத்தரவில். மேல்முறையீடு தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போனது. அங்கே விசாரித்த நீதிபதி ஹூவர் பக்கம் நின்றார், முழு வாரியம் அதை மாற்றியது. இடையில் ஆஸ்திரேலியா தாராளமாக அனுமதி தந்தது, அவர் அங்கே போய்ப் பறந்தார். உள்ளூரில் மெடிக்கல் திரும்பக் கிடைக்க 1995 ஆகிவிட்டது.

எழுபது வயதுக்காரரைச் சந்தேகப்படுவதே தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சந்தேகப்படுவதுதான் ஆய்வாளரின் வேலை. ஆனால் 'அவசரம்' என்ற முத்திரையைக் குத்திவிட்டால் அது நிஜமாகவே அவசரமா என்று கேட்க அப்போது வழியில்லாமல் இருந்தது பெரிய ஓட்டை. 2000-ல் வந்த சட்டத் திருத்தம் அந்த வழியைத் திறந்தது. 2012-ல் 'பைலட்டுகளின் உரிமைச் சட்டம்' வந்தது. விசாரணை என்றால் பைலட்டுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுர ஒலிப்பதிவு போன்ற ஆதாரங்களைக் கேட்டால் காட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. அதைக் கொண்டுவந்த செனட்டர் ஜிம் இன்ஹோஃப், 2010-ல் டெக்சாஸில் மூடிக்கிடந்த ரன்வேயில், ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே விமானத்தை இறக்கியவர்! கூடுதல் பயிற்சி எடு என்பதோடு அவரை விட்டுவிட்டார்கள். தன் தலைக்கு வந்தபிறகு பிறந்த ஞானம்தான். ஆனாலும் சட்டம் நல்ல சட்டம்.

ஆகவே என் பதில்: வானத்தில் போய்வருவது உரிமை. ஓட்டும் இருக்கை நிபந்தனைக்கு உட்பட்டது. நிபந்தனையை நிறைவேற்றியவனிடமிருந்து அதைக் காரணம் சொல்லாமல் பறிக்க முடியாது என்பதால், அது வெறும் சலுகையும் இல்லை.

இந்தியாவிலும் தர்க்கம் ஏறக்குறைய இதேதான். அரசியலமைப்பின் 19(1)(ஜி) விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையைத் தருகிறது. 19(6) அந்தத் தொழிலுக்கான தகுதிகளை அரசு விதிக்கலாம் என்கிறது. அந்த வேலையைச் செய்வது டி.ஜி.சி.ஏ. என்ற விமானப் போக்குவரத்து இயக்குநரகம். சி.பி.எல்.லுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். குடி விஷயத்தில் அமெரிக்காவைவிடக் கெடுபிடி. இந்தியாவில் பறப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே மதுவைத் தொடக் கூடாது, இங்கே அமெரிக்காவில் எட்டு மணி நேரம்தான். இந்தியாவில் ஊதச் சொல்லி முதல் முறை மாட்டினால் லைசென்ஸ் மூன்று மாதம் முடக்கம், இரண்டாவது முறை மூன்று வருஷம், மூன்றாவது முறை ரத்து.

நீங்கள் படிக்கப் போவதாகச் சொன்னதால் ஒன்று. பறக்கும் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கிளாஸ் டூ மெடிக்கலையும் (ஆரம்ப நிலை மருத்துவச் சோதனை), அது தேறினால் சி.பி.எல்.லுக்கு வேண்டிய கிளாஸ் ஒன்னையும் முடித்துவிடுங்கள். நிற குருடு போன்ற ஏதாவது இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், பல லட்சம் மிச்சம்.