கட்டடத்தின் கரிமக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி (தள மேற்பார்வையாளர், துவாஸ், சிங்கப்பூர்): ஐயா, காங்கிரீட்டின் கரிம உமிழ்வைக் கணக்கிட வரைபடத்தில் உள்ள கனஅளவு போதுமா?

பதில்: போதாது. வரைபடம் கட்ட வேண்டியதைச் சொல்லும். தளத்தில் இறங்கியதை லாரியோடு வரும் டெலிவரி ஆர்டர் சீட்டுதான் சொல்லும். பம்ப் குழாயில் தங்கிக் கழுவி ஊற்றப்பட்டதும், அடித்தளத் தூணுக்கான பைல் குழி அகன்றுவிட்டதால் கூடுதலாக இறங்கியதும் அந்தச் சீட்டுகளின் கூட்டலில்தான் அகப்படும். சீட்டில் கலவையின் குறியீடும் இருக்கும். அதில் சிமெண்ட் எவ்வளவு என்று ஆலையிடம் எழுத்துமூலம் கேளுங்கள், ஏனெனில் காங்கிரீட்டின் உமிழ்வில் பெரும்பகுதி சிமெண்டினுடையது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, சிமெண்டாக அரைக்கப்படும் கிளிங்கர் ஆக்கும்போது கல்லுக்குள் இருந்த கரியமில வாயுவே வெளியேறுகிறது. கிளிங்கரின் உமிழ்வில் ஏறத்தாழ 60 விழுக்காடு இவ்வாறு வருவதால், உலைக்கு எந்த எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பங்கு குறையாது.

ஒரு கனமீட்டரில் 350 கிலோ சிமெண்ட், கிலோவுக்கு 0.9 கிலோ உமிழ்வு என்று கொண்டால் 315 கிலோ வருகிறது. பாதிச் சிமெண்டுக்குப் பதிலாக இரும்பு உலைக் கசடைச் சேர்த்தால், கசடின் சிறு உமிழ்வையும் கூட்டி, அது 170 கிலோ அளவுக்கு இறங்கும். ஆனால் கசடுக் கலவை தொடக்கத்தில் மெதுவாகவே வலுப்பெறும். வார்ப்புப் பலகை பிரிக்கும் நாள் தள்ளிப்போகும் என்பதை அட்டவணை போடுபவரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள்.

கேள்வி (மாணவி, கிளமெண்டி): ஒரு கட்டடத்தின் கரிம உமிழ்வு சதுர மீட்டருக்கு 400 கிலோ, மற்றொன்றினுடையது 900 கிலோ என்றால் முதலாவதுதானே சிறந்தது?

பதில்: எந்தெந்தக் கட்டங்களும் பகுதிகளும் கணக்கில் சேர்ந்தன என்ற எல்லை தெரியாமல் சொல்ல முடியாது. கட்டடக் கணக்குக்கான ஐரோப்பிய ஈஎன் 15978 நியமத்தில் ஏ1 முதல் ஏ3 வரை பொருள் தயாரிப்பு, ஏ4 போக்குவரத்து, ஏ5 கட்டுமானப் பணி, பி பயன்பாட்டுக் காலம், சி இடிப்பும் அகற்றலும். முதலாமவர் ஏ3-உடன் நிறுத்திவிட்டு, நிலத்தடிக் கார் நிறுத்தத்தையும் விட்டிருக்கலாம். எல்லை சொல்லாத எண்ணை நம்பாதீர்கள்.

கேள்வி (ஈசூன்): நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2023இல் திறக்கப்பட்ட காயா போன்ற மரக்கட்டடங்களின் கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே, கழித்தலில்தானே வரும்?

பதில்: உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம் என்பதால், ஒரு கிலோ மரம் சுமார் 1.8 கிலோ கரியமில வாயுவைப் பிடித்து வைத்திருக்கிறது. ஏ1-இல் அதைக் கழிப்பவர், மரம் எரிந்தோ மக்கியோ போகும் சி பிரிவில் திரும்பக் கூட்ட வேண்டும். ஏ பிரிவோடு கணக்கை மூடிவிட்டு ‘கரிமம் கழித்தல்’ என்று பலகை வைப்பது பாதிக் கணக்கு.

மறுப்பு (பொங்கோல்): 60 ஆண்டுகள் அது காற்றில் கலக்காமல் இருப்பது நன்மையில்லையா?

பதில்: வெட்டிய காட்டில் மறுநடவு நடந்திருந்தால் நன்மைதான். ஆனால் தள்ளிப்போடுவதும் நீக்குவதும் ஒன்றல்ல. இதனால்தான் கட்டுமானப் பொருள்களுக்கான ஈஎன் 15804 நியமத்தின் 2019 திருத்தம், மரம் போன்றவற்றில் உள்ள உயிரினவழிக் கரிமத்தைத் தனி வரியில் காட்டச் சொல்கிறது. தனி வரியில் காட்டுங்கள், வாசிப்பவர் தீர்மானிக்கட்டும்.

மறுப்பு (அதே பொங்கோல்): அப்படியானால் மரமே வேண்டாம் என்கிறீர்களா?

பதில்: அப்படி நான் எழுதவில்லை. மரம் காங்கிரீட்டையும் எஃகையும் எவ்வளவு குறைக்கிறது என்பதே முதல் பயன். அதை மரத்துக்குள் இருக்கும் கரிமத் தேக்கத்தோடு குழப்ப வேண்டாம்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): மரமா, காங்கிரீட்டா, எது பசுமை?

பதில்: மேலே உள்ள மூன்று பதில்களையும் படியுங்கள்.

கேள்வி (செங்காங்): எஃகா, காங்கிரீட்டா?

பதில்: எந்த உலை எஃகு? ஊதுலையில் டன்னுக்கு 2 டன்னுக்கும் மேல் உமிழ்வு. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கினால் அதில் சிறு பங்கே. எந்த எல்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி (அலுவலக நிர்வாகி, தஞ்சோங் பகார்): பழைய கட்டடத்தை இடித்து, மின்சாரம் குறைவாகச் செலவாகும் புதியதைக் கட்டுவது லாபமா?

பதில்: சிங்கப்பூரில் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாகிறது. இன்றைய உமிழ்வு விகிதத்தை 30 ஆண்டுகளுக்கு அப்படியே நீட்டினால் புதிய கட்டடம் எளிதில் ஜெயிக்கும். ஆனால் மின்சாரம் தூய்மையாகத் தூய்மையாக ஆண்டுச் சேமிப்பு சுருங்கும். கட்டுமானத்தில் வெளியேறியதோ முதல் நாளிலேயே வெளியேறிவிட்டது. சட்டகத்தை வைத்துக்கொண்டு ஏர்கானையும் முகப்பையும் மாற்றும் வழியையும் கணக்கிடச் சொல்லுங்கள். ஏர்கான் வாயுவையும் மறக்காதீர்கள்: ஆர்-410ஏ என்ற குளிரூட்டு வாயு ஒரு கிலோ கசிந்தால் ஏறத்தாழ 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம்.

கேள்வி (தெம்பனிஸ்): வீட்டின் பாம் ஷெல்டர் (போர்க்காலத் தஞ்ச அறை) சுவரை உடைத்தால் வரும் கழிவை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

பதில்: அந்தச் சுவரை உடைக்க அனுமதியே இல்லை, ஆகவே எந்தப் பிரிவும் வேண்டாம். மற்றச் சுவர்களுக்கு முதலில் வீவகவிடம் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கேளுங்கள்.