பாடம் நடத்தும் இயந்திரங்கள் ஏன் காணாமல் போயின?

கேள்வி: "மொபைல் செயலிகள் வருவதற்கு வெகு காலம் முன்பே அமெரிக்காவில் பாடம் நடத்தும் இயந்திரங்கள் இருந்தனவாமே? அப்புறம் என்ன ஆயின?"

இருந்தன. பி.எட். படிக்கும்போது ஸ்கின்னர், வலுவூட்டல், நிரல்வழிக் கற்றல் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்து, எழுதிவிட்டு மறந்துபோனவள் நான். நாலாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஆரம்பித்த பிறகுதான், ஸ்கின்னர் எதைப் பார்த்து அவ்வளவு தவித்தார் என்று புரிந்தது.

1953 நவம்பர் 11. மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் உள்ள ஷேடி ஹில் பள்ளி. ஹார்வர்டு உளவியல் பேராசிரியர் பி. எஃப். ஸ்கின்னர், தன் மகள் டெபரா படித்த நாலாம் வகுப்பில் கணக்குப் பாடத்தைப் பார்க்க உட்கார்ந்திருந்தார். சில பிள்ளைகள் சீக்கிரமே முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தார்கள். சிலர் முதல் கணக்கிலேயே நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். போட்டது சரியா தப்பா என்று ஒருவருக்கும் அந்த நேரத்தில் தெரியாது. தாளை வாங்கித் திருத்தி மறுநாள்தான் கொடுப்பார்கள்.

ஸ்கின்னர் அதற்குள் பல வருடம் எலிகளையும் புறாக்களையும் பழக்கியிருந்தவர். புறா நாம் நினைத்தபடி கழுத்தைத் திருப்பினால் அந்த நொடியிலேயே தானியம் விழ வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் அதற்குள் அது வேறு எதையோ செய்திருக்கும், அதையே பிடித்துக்கொள்ளும். புறாவுக்குக் காட்டும் அக்கறையைக்கூடக் குழந்தைக்குக் காட்டவில்லையே என்பதுதான் அவருடைய ஆதங்கம். சில நாட்களிலேயே முதல் இயந்திரத்தைச் செய்துவிட்டார். 1954ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒன்றை இயக்கியும் காட்டினார்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கடன் வாங்கிக் கழித்தல் பத்துக் கணக்கு கொடுத்திருந்தேன். ஒரு பையன் 52லிருந்து 27 போனால் 35 என்று எழுதியிருந்தான். ஒன்றாம் இடத்தில் இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டான். பத்துக் கணக்கும் அப்படியே, அழகான கையெழுத்தில். நான் நோட்டைத் திருத்திக் கொடுத்தது மூன்றாம் நாள். மூன்று நாளும் அவன் அதைச் சரியென்றே நம்பிக்கொண்டிருந்தான். முதல் கணக்கிலேயே யாராவது சொல்லியிருந்தால் மீதி ஒன்பதும் பிழைத்திருக்கும்.

சரி, இயந்திரம் ஸ்கின்னரோடு தொடங்கியது அல்ல. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிட்னி பிரெஸ்ஸி 1924லேயே ஒன்றைக் காட்டிவிட்டார். பார்க்கத் தட்டச்சுப்பொறி மாதிரி இருக்கும். சின்ன ஜன்னலில் ஒரு கேள்வி, நாலு விடை, நாலு விசை. சரியானதை அழுத்தினால்தான் அடுத்த கேள்வி வரும். இத்தனை சரியானால் ஒரு மிட்டாய் விழும்படி ஓர் இணைப்பும் வைத்திருந்தார். பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, வாங்க ஆளில்லை. 1932ல் வருத்தத்தோடு அந்த வேலையை விட்டுவிட்டார்.

ஸ்கின்னரின் கருவியில் விடையைத் தேர்ந்தெடுக்க முடியாது, பிள்ளையே எழுத வேண்டும். எழுதி நெம்புகோலை நகர்த்தினால், எழுதியது கண்ணாடிக்கு அடியில் போய்விடும், சரியான விடை தெரியும். மிட்டாய் கிடையாது. சரியாகச் செய்தோம் என்று உடனே தெரிவதே போதும் என்றார். ஆனால் உயிர் பெட்டியில் இல்லை, உள்ளே வைத்த தாளில் இருந்தது. 1958ல் அவர் கொடுத்த ஓர் உதாரணம்: 'மேனுஃபாக்சர்' (தயாரித்தல்) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்துக்கூட்டல் கற்பிக்க ஆறு கட்டங்கள். கட்டம் என்றால், பிள்ளை ஒரு தடவைக்கு நிரப்பும் ஒரு சின்னக் கேள்வி. முதலில் பார்த்து எழுது. அடுத்து, இதில் ஒரு பகுதி 'ஃபாக்டரி'யில் இருப்பதுதான் என்று சொல்லி அந்த எழுத்துகளை மட்டும் காலியாக விடுவார். பிறகு, கையைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து 'மேனுவல்' வந்தது, அந்தக் காலத்தில் எல்லாம் கையால் செய்ததுதானே என்று முன்பகுதி காலி. அப்புறம் ஒரே எழுத்து வரும் இரண்டு இடங்கள், மறுபடி இன்னொரு எழுத்து. ஆறாவதில், நாற்காலித் தொழிற்சாலைகள் நாற்காலிகளை என்ன செய்கின்றன என்று ஒரு வாக்கியம். முழுச் சொல்லையும் பிள்ளையே எழுதிவிடும். ஆறு கட்டத்தில் ஒரு சொல்! ஒரு வருடப் பாடத்துக்கு எத்தனை ஆயிரம் கட்டம் எழுத வேண்டும்?

அங்கேதான் அடிபட்டது. 1957ல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்காவுக்கு அவசரம் வந்துவிட்டது, கல்விக்குப் பணம் கொட்டியது. 1960ல் வர்ஜீனியாவின் ரோனோக்கில் 34 எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த முறையில் ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவை அரை வருடத்துக்குள் முடித்தார்கள். உடனே ஆளாளுக்குப் பெட்டி செய்து விற்கக் கிளம்பினார்கள். பாடம் எழுதத்தான் ஆளில்லை. ஸ்கின்னரோடு ஒப்பந்தம் போட்ட ஐபிஎம் பின்வாங்கியது, தண்ணீர் சூடாக்கி செய்யும் ரீம் நிறுவனம் இழுத்தடித்தது. அப்புறம், கட்டங்களைப் புத்தகமாகவே அச்சிடலாமே, பெட்டி எதற்கு என்றும் ஆகிவிட்டது. மோசமாக எழுதிய கட்டங்கள் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டின. வாக்கியத்தைப் படிக்காமலே காலியிடத்தை நிரப்பிவிடலாம்.

ஸ்கின்னரிடம் எனக்கு ஒத்துவராத ஒன்று உண்டு. தவறான விடையில் அவருக்கு ஆர்வம் இல்லை, தவறே வராதபடி படிகளை அமைக்கப் பார்த்தார். அந்தப் பையன் எழுதிய 35ல் அவன் எப்படி யோசித்தான் என்பது முழுக்க இருக்கிறது. அமெரிக்க விமானப்படைப் பயிற்சிக்காக உழைத்த நார்மன் கிரௌடர் இதைப் பிடித்தார். அவருடைய பாடங்களில், எந்தத் தவறான விடையைத் தேர்ந்தாயோ, அதற்கென்றே ஒரு பக்கம் இருக்கும். அது உன் தவறை விளக்கித் திருப்பி அனுப்பும்.

இன்று நான் பார்க்கும் பல செயலிகள் பிரெஸ்ஸியின் மிட்டாயை நட்சத்திரமாகவும் பதக்கமாகவும் எடுத்துக்கொண்டு, கட்டம் எழுதும் உழைப்பை விட்டுவிட்டன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பிள்ளை தவறினால் குறை கட்டத்தில் என்று நினைப்பது ஸ்கின்னரின் வழி. ஹார்வர்டில் மாணவர்கள் எங்கே தவறினார்களோ அந்தக் கட்டங்களைத் திருத்தி எழுதினார். அதை நம்பி, கடன் வாங்கிக் கழித்தலுக்கு நானும் பதினான்கு கட்டம் எழுதினேன். இரண்டு இரவு பிடித்தது. மடித்த அட்டை, மடிப்புக்குள் விடை. ஒன்பதாவதில் பாதி வகுப்பு நின்றது, பத்தாம் இடத்தில் பூஜ்யம் வரும் 304 – 128. அதை மூன்று கட்டமாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். திங்கள்கிழமை கொடுத்துப் பார்க்க வேண்டும்.