வாட்ச் சொல்கிறபடி ஓடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வயது 46. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டமான காம்ரேட்ஸை அடுத்த முறை ஓட வேண்டும் என்று ஒரு கிளப்பில் சேர்ந்திருக்கிறேன். தீபாவளிக்குப் பிள்ளைகள் கார்மின் வாட்ச் வாங்கிக் கொடுத்தார்கள். டிசம்பர் முழுக்க நான் எப்படி ஓடினாலும் 'அன்புரடக்டிவ்' (பயிற்சியால் பலன் இல்லை) என்றே போடுகிறது. கிளப்பில் 28 கிலோமீட்டர் ஓடச் சொன்ன ஞாயிறன்று வாட்ச் 'இன்று ஓய்வு' என்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஞாயிற்றுக்கிழமை கிளப் பேச்சைக் கேளுங்கள். மற்ற நாட்களில் வாட்சையும் கொஞ்சம் கேட்கலாம்.

வாட்ச் நேரடியாக அளப்பது சில விஷயங்களைத்தான்: நேரம், ஜிபிஎஸ் காட்டும் தூரம், கை அசைவு, பச்சை விளக்கைத் தோலில் அடித்து எடுக்கும் நாடித்துடிப்பு. மற்ற எல்லாம் இவற்றை வைத்துப் போடும் கணக்கு. கார்மின் கணக்கின் பெரும்பகுதி பின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட் என்ற நிறுவனத்திலிருந்து வந்தது; அதன் அந்தப் பிரிவை 2020-இல் கார்மினே வாங்கிவிட்டது. மோசமான கணக்கு என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு வேகத்துக்கு இவ்வளவு துடிப்பு என்றால் உங்கள் விஓடூ மேக்ஸ், அதாவது உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு, இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இதை முகமூடி மாட்டி, மூச்சுக்காற்றை அளந்து கண்டுபிடிப்பார்கள். பயிற்சி தொடர்ந்து நடக்கும்போதே அந்த ஊக எண் இறங்கினால் 'அன்புரடக்டிவ்' வந்துவிடும்.

இப்போது நம் டர்பனின் கோடைக்கால டிசம்பரை நினைத்துப் பாருங்கள். காலை ஐந்தரைக்கே புழுக்கம். வியர்வை காயாது, உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும். அதே வேகத்தில் ஓடினாலும் துடிப்பு ஏறிவிடும். ஃபோனிலிருந்து வானிலையை எடுத்து வாட்ச் கொஞ்சம் சரிசெய்துகொள்ளும், ஆனால் முழுசாக இல்லை. உங்கள் வாட்ச் பெரும்பாலும் வெயிலைத்தான் திட்டியிருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் காற்று குளிர்ந்ததும் அதே வாட்ச் உங்களைத் தட்டிக்கொடுக்கும். விடுமுறையில் ஜோஹன்னஸ்பர்க் போய் ஓடினாலும் இதே கதைதான். அது 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்து ஆளுக்கு அங்கே மூச்சு வாங்கும்.

அடுத்து, அதிகபட்சத் துடிப்பு. நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் வாட்ச் பெரும்பாலும் வயதை வைத்துத்தான் தொடங்கியிருக்கும். 220-இல் வயதைக் கழிக்கும் பழைய கணக்குப்படி உங்களுக்கு 174. இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு தவறுவது சாதாரணம். உங்கள் உண்மையான உச்சம் 186 என்றால், பேசிக்கொண்டே ஓடும் ஓட்டம்கூட அதற்குக் கடும் பயிற்சியாகத் தெரியும். நாளைக்கு ஓய்வெடு என்று சொல்லத்தானே செய்யும்? டாக்டர் சரி என்றால், ஒரு சனிக்கிழமை நார்த் பீச் பார்க்ரன் என்ற ஐந்து கிலோமீட்டர் பொது ஓட்டத்தில் கடைசி ஒரு கிலோமீட்டரை உயிரைக் கொடுத்து ஓடுங்கள். நெஞ்சுப் பட்டை கட்டியிருந்தால் அப்போது வரும் உச்ச எண்ணை வாட்சில் பதியலாம். மணிக்கட்டு எண்ணை மட்டும் நம்பிப் பதிய வேண்டாம். வாட்சின் கைப்பட்டை தளர்வாக இருந்தால் சில சமயம் வாட்ச் துடிப்பை விட்டுவிட்டு உங்கள் காலடிகளை எண்ணத் தொடங்கிவிடும்.

காம்ரேட்ஸ் ஓடுகிறவர்களை வாட்ச் அதிகம் ஏமாற்றும் இடம் இறக்கம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு வரும் ஆண்டில், தொடை ஏற்கெனவே களைத்த பிறகு க்ளூஃபிலிருந்து பைன்டவுன் பக்கம் ஃபீல்ட்ஸ் ஹில் இறங்க வேண்டும். இறங்கும்போது இதயத்துக்குப் பெரிய வேலை இல்லை, துடிப்பு தாழ்வாகவே இருக்கும். தொடைத் தசையோ ஒவ்வோர் அடியிலும் நீண்டபடியே உடம்பின் எடையைத் தாங்குகிறது. அதில் ஏற்படும் நுண்ணிய கிழிசல்தான் இரண்டு நாள் கழித்துப் படி இறங்கவிடாமல் வலிக்கிறது. வாட்ச் காட்டும் 'மீள இத்தனை மணி நேரம்' முக்கியமாக இதயத்துடிப்பிலிருந்து வருவது. தொடையைப் பற்றி அதற்கு அநேகமாக எதுவும் தெரியாது. இறக்கப் பயிற்சிக்கு மறுநாள் அது 'தயார்' என்று பச்சை காட்டினால் அதைப் பார்க்காதீர்கள், மாடிப்படியைக் கேளுங்கள்.

நீண்ட ஓட்டத்திலும் கிளப் சொல்வதே சரி. போட்டித் தேதியைப் பதியாவிட்டால் வாட்ச் பொதுவான உடல்தகுதிக்கு ஏற்ற ஓட்டங்களையே தரும். நீங்கள் தொண்ணூறு கிலோமீட்டருக்கு ஆயத்தமாவது அதற்கு எப்படித் தெரியும்? புது மாடல்களில் நாள்காட்டியில் போட்டியைப் போட்டால் ஆலோசனை அதற்கேற்ப மாறும், போட்டுவிடுங்கள். அப்படியும் 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ஓட்டத்துக்கு, அந்த மேடுகளை ஓடிப் பார்த்தவர்கள் வகுத்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் நான் நம்புவேன்.

எதில் கேட்கலாம்? 'இன்று மெதுவாக' என்று சொல்லும்போது. கிளப்பில் பக்கத்தில் யாராவது ஓடினால் நமக்கு எல்லா ஓட்டமும் போட்டியாகிவிடுகிறது. அதைத் தடுக்க வாட்ச் நல்ல காவல்காரன். இரவுத் தூக்கத்தில் எடுக்கும் எச்ஆர்வி எண், அதாவது துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற அளவு, நான்கைந்து நாள் தொடர்ந்து சரிந்து, உடம்பும் அசதியாக இருந்தால் அதையும் கேளுங்கள். ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் மாற்ற வேண்டாம். காவடி விரதத்தில் இருக்கிறீர்களா, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்திரி முழித்தீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் சாப்பிடுகிறார். வாட்ச் அவர் உடல்தகுதி 'மிகச் சிறப்பு' என்று காட்டி இன்னும் வேகமாக நடக்கச் சொல்கிறது. அவருக்கு ஒரே பெருமை. நம்பலாமா? — ஃபீனிக்ஸ் வாசகி

பதில்: நம்ப வேண்டாம் அம்மா. அட்டெனலால் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை; இதயத்துடிப்பைத் தாழ்வாக வைப்பதே அதன் வேலை. துடிப்பு குறைவாக இருந்தால் ஆள் பலசாலி என்று வாட்ச் நினைக்கும், ஆனால் அங்கே வேலை செய்வது மாத்திரை. வயதுக் கணக்குப்படி அது அவருக்கு வைக்கும் இலக்குத் துடிப்பை எட்ட அவர் தன்னை வருத்திக்கொள்ள நேரிடும். இலக்கையும் ஆலோசனையையும் அணைத்துவிட்டு, நடந்துகொண்டே உங்களோடு பேச முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். பேச்சு விட்டு விட்டு வந்தால் வேகம் அதிகம். எவ்வளவு வேகம் என்பதை மாத்திரை எழுதிய டாக்டர் சொல்லட்டும். துடிப்பு எண் ஏறவில்லையே என்று மாத்திரையை அவராக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாட்ச் 700 கலோரி எரித்ததாகச் சொன்னால் ஒரு கால் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) சாப்பிடலாம் அல்லவா?

பதில்: சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? வாட்சைச் சாட்சிக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 2017-இல் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். இதயத்துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் சரியாக இருந்தன. கலோரியிலோ இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதன்பின் மாறியிருக்கின்றன. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்துத் தட்டில் போடுவதை நான் செய்ய மாட்டேன்.

கேள்வி: ஒரே பிராண்டில் இரண்டு மாடல். ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு விலை. பயிற்சி ஆலோசனை துல்லியமாக இருக்கும் என்று கடைக்காரர் விலை கூடியதைத் தள்ளுகிறார். ஆன்லைனில் மலிவாகவும் கிடைக்கிறது.

பதில்: ஒரே பிராண்டுக்குள் பயிற்சிக் கணக்கு பெரும்பாலும் ஒன்றே. கூடுதல் விலை வரைபடம், பேட்டரி, டைட்டானியம், கீறல் விழாத கண்ணாடி ஆகியவற்றுக்குப் போகிறது. சில அம்சங்களை மலிவு மாடலில் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள், அதனால் பட்டியலை ஒருமுறை ஒப்பிடுங்கள். மலிவானதை வாங்கி, மீதிப் பணத்தில் ஒரு சிறு பகுதியை நெஞ்சுப் பட்டைக்குக் கொடுங்கள். உள்ளே போகும் எண் சரியானால் வெளியே வரும் ஆலோசனையும் தேறும். மருத்துவத் திட்டத்தில் வைட்டாலிட்டி போன்ற புள்ளிகள் சேர்க்கிறீர்கள் என்றால், அந்த மாடல் அதோடு இணையுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் தென்னாப்பிரிக்க மின்னணு வணிகச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, பொருள் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அனுப்பும் செலவு உங்களுடையது. கடையிலோ ஆன்லைனிலோ, ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதை நீங்கள்தான் தீர்மானிப்பீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. 'வவுச்சர்தான் தருவோம்' என்றால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள், குரல் மாறும். ஆனால் 'ஆலோசனை எனக்குப் பொருந்தவில்லை' என்பது பழுது ஆகாது. துடிப்பை எடுக்காமல் விட்டுவிடுவது பழுது. கடைக்காரர் சொன்ன அந்தத் 'துல்லியம்' பொய் என்றால் அது அதே நுகர்வோர் சட்டத்தின் 41-ஆம் பிரிவு விவகாரம், அதனால் அவர் சொன்னதை வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மிக மலிவான விலை கண்டால் அது அதிகாரப்பூர்வ இறக்குமதியாளர் வழியே வராத சரக்கா என்று பாருங்கள். அப்படிப்பட்ட சரக்கில் அதைத் தெளிவாக அறிவிப்பது விற்பவரின் கடமை. இல்லையென்றால் உள்ளூர் சர்வீஸ் சென்டர் கைவிரித்த பிறகுதான் உங்களுக்கு விஷயம் தெரியவரும்.