இலை வடிவில் ஒரு மேசை

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் வசிக்கிறேன். ஒரு கல்லூரியில் அறைகலன் வடிவமைப்பு கற்பிக்கிறேன். இந்தப் பருவத்தில் ‘இயற்கையிலிருந்து வடிவமைப்பு’ என்ற பாடத்தை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். முதல் பயிற்சியாக ஒரு வரைவு கேட்டேன். 22 மாணவர்களில் 9 பேர் இலை வடிவ மேசையும், 5 பேர் பட்டாம்பூச்சி நாற்காலியும் வரைந்து வந்தார்கள். மதிப்பெண் போட மனம் வரவில்லை. ஆனால் எது குறைகிறது என்று அவர்களுக்கு விளக்கவும் என்னால் முடியவில்லை. இதற்கிடையே, “நாங்கள் வேலைக்குப் போகும் பட்டறைகளில் பிளைவுட்டும் மைக்காவும்தான் இருக்கின்றன, அங்கே இது எதற்கு?” என்று ஒரு மாணவி கேட்டார். இரண்டுக்கும் உங்கள் பதிலை அறிய விரும்புகிறேன்.

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தயக்கம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. இலை வடிவில் மேசை செய்வது குற்றமில்லை; அழகாக இருந்தால் வாங்குவோரும் இருப்பார்கள். ஆனால் அந்த மாணவர்கள் இலையின் வெளிக்கோட்டை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் நடு நரம்பு ஏன் காம்பருகே தடித்தும் நுனியில் மெலிந்தும் இருக்கிறது என்று கேட்டிருந்தால், ஒரு பக்கம் மட்டும் சுவரில் பொருத்திய பலகைக்கு அடியில் கொடுக்க வேண்டிய தாங்குகட்டையின் வடிவம் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். சுமை பலகையை வளைக்கப் பார்க்கும் விசை சுவரோரத்தில்தான் அதிகம், இலைக்கும் காம்பருகே அப்படித்தான்.

இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குக் காட்ட, அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினனின் துலிப் நாற்காலியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நாற்காலி, மேசைகளின் கால்கள் ஒரு காடாகக் குவிந்து கிடப்பது பிடிக்காமல், ஒற்றைத் தண்டில் மலர்வது போன்ற இருக்கையை அவர் வடிவமைத்தார். 1957இல் அது விற்பனைக்கு வந்தது. இருக்கையும் தண்டும் ஒரே பொருளால் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் இருக்கைக்குப் போதுமான கண்ணாடியிழை, தண்டுக்குப் போதவில்லை. தண்டை அலுமினியத்தில் வார்த்து, இருக்கையின் நிறத்திலேயே பூச்சுக் கொடுத்து ஒன்றுபோலத் தோன்றச் செய்தார்கள். துலிப்பின் தண்டு ஒரு பூவைத்தான் சுமக்கிறது. நாற்காலியின் தண்டோ பின்னால் சாய்ந்து உட்காரும் மனிதனைச் சுமக்க வேண்டும். அந்த நாற்காலியை நான் நேசிக்கிறேன். ஆயினும் அதில் பூவின் உருவம் இருக்கிறது, பூவின் கணக்கு இல்லை.

கணக்கைக் கற்க வெளிநாட்டுப் படங்களை விட்டுவிட்டுப் பனையிலிருந்து தொடங்குங்கள். வெளிப்புறம் வைரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளதைப் புல் என்றும் உட்புறம் வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். நான் வகுப்பெடுக்கும்போது ஒரு சாண் நீளப் பனந்துண்டை மேசைமேல் வைத்து, அறுத்த முகத்தில் கட்டைவிரல் நகத்தால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி அழுத்திக்கொண்டே போகச் சொல்வேன். விளிம்பில் கறுத்த நார்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்கும், நகம் இறங்காது. உள்ளே போகப் போக நார்கள் விலகி, நடுவில் சோறு எனப்படும் மென்பகுதி பொடிப்பொடியாக உதிரும். வளையும் எந்தப் பொருளிலும் ஒரு பக்கத்து மேற்பரப்பு இழுபடும், எதிர்ப்பக்கம் நசுங்கும், நடுவில் இரண்டும் இராது. காற்றில் வளைந்து நிற்க வேண்டிய பனை, வேலை இருக்கும் இடத்தில் நாரைக் குவித்து, வேலை இல்லாத இடத்தில் சிக்கனம் பிடித்திருக்கிறது. இதை விரலால் உணர்ந்த மாணவரிடம், 1925இல் வடிவமைப்பாளர் மார்செல் பிராயர் எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்ததைச் சொல்லிப் பாருங்கள். குழாய் ஏன் போதுமானது என்பதை நீங்கள் விளக்கவே வேண்டியிராது. பனை கிடைக்காவிட்டால் பொங்கல் நேரத்துக் கரும்புத் துண்டும் இதையே காட்டும்.

அடுத்த பாடத்துக்குக் காசிமேடு போங்கள். மீன்பிடித் துறைமுகத்தில் மரப்படகுகளைச் செப்பனிடும் இடத்தில், படகின் விலா எலும்பாக நிற்கும் வளைகட்டைகளை மாணவர்கள் தொட்டுப் பார்க்கட்டும். அனுபவமுள்ள ஆசாரி நேரான பலகையிலிருந்து அந்த வளைவை அறுத்தெடுக்க மாட்டார். இயல்பிலேயே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுப்பார். அறுத்த வளைவில் நார் பாதியில் வெட்டுப்பட்டுக் குறுக்காக ஓடும், அந்த இடத்தில்தான் முறியும். வளர்ந்த வளைவில் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் கூடவே வளைந்து செல்லும். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பள்ளிக்குச் செய்து கொடுத்த நாற்காலிகளில் பின்கால்களை அகலமான பலகையிலிருந்து வளைவாக அறுத்தேன். ஓராண்டுக்குள் மூன்று கால்கள் ஒரே இடத்தில் பிளந்தன. மூன்றிலும் பிளவு நாரின் போக்கிலேயே சாய்வாக ஓடியிருந்தது. ஒரு குழந்தை விழுந்து முழங்கை சிராய்த்தது இன்றும் என் நினைவில் உறுத்துகிறது. அறைகலன் தயாரிப்பாளர் மைக்கேல் தோனெட் 1859இல் 14ஆம் எண் நாற்காலிக்குப் பீச் மரத்தை நீராவியில் பதப்படுத்தி வளைத்ததும் நாரை அறுக்காமல் வளைவைப் பெறும் வழிதான். படகு ஆசாரியும் தோனெட்டும் ஒரே விடைக்கு இரு வழியாக வந்திருக்கிறார்கள்.

கிளை பிரியும் கவட்டையைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் தெரு வேம்பில் பாருங்கள்; கிளையும் தண்டும் சேரும் உள்மூலை கூராக இராது, மெல்லச் சரிந்து கலக்கும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் கிளாஸ் மத்தெக் இதை ஆராய்ந்து, அந்தச் சரிவை அளவுகோலாலேயே வரையும் முறையைத் தந்திருக்கிறார்: மூலையில் 45 பாகைக்கு ஒரு கோடு, அதன் நடுப்புள்ளியிலிருந்து அதில் பாதிச் சாய்வுக்கு இன்னொரு கோடு, மீண்டும் அதில் பாதி, பிறகு முனைகளை மழுக்கிவிட வேண்டியதுதான். கணினி இல்லாத வகுப்பிலும் இதைச் செய்யலாம். நெதர்லாந்து வடிவமைப்பாளர் ஜோரிஸ் லார்மன் 2006இல் வார்த்த ‘எலும்பு நாற்காலி’ இதே சிந்தனைப் பரம்பரையில் பிறந்தது.

இனி அந்த மாணவியின் கேள்வி. பிளைவுட் என்பதே நாரின் போக்கை அடுக்குக்கு அடுக்கு மாற்றி ஒட்டிய பலகை. நண்டின் ஓட்டிலும் நுண்ணிய நார்கள் அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கிலும் சற்றே திரும்பித் திரும்பி அமைந்திருக்கின்றன. அதனால் விரிசல் நேராக ஓட வழியின்றித் தடுமாறுகிறது. பிளைவுட் அலமாரியில் நீளமான தட்டு தொய்வது எல்லோரும் கண்ட குறை. முகப்பு நார் தட்டின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டி, முன்விளிம்பில் ஒரு சட்டத்தை நிமிர்த்தி ஒட்டினால் தொய்வு வெகுவாகக் குறையும். அது பனையிடம் கற்ற பாடம்தான் என்று அவருக்குச் சொல்லுங்கள். அவர் சேரப்போகும் பட்டறையில் முதல் வாரமே பயன்படும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மரம் சுமை கூடிய இடத்தில் ஆண்டுதோறும் தன்னைத் தடிப்பாக்கிக்கொள்ளும். நாம் செய்த நாற்காலிக்கு அந்த வசதி கிடையாது. எனவே யார் உட்காருவார், எப்படிச் சாய்வார், எங்கே பிடித்து இழுப்பார் என்று மாணவர் முன்கூட்டியே எண்ணியாக வேண்டும். மதிப்பெண்ணையும் இங்கே வையுங்கள். வரைவுக்குப் பாதி போதும். மீதியை, சிறிய மாதிரி ஒன்றைச் செய்து, முறியும்வரை சுமை ஏற்றி, எங்கே ஏன் முறிந்தது என்று மாணவர் எழுதும் ஒரு பக்கத்துக்குக் கொடுங்கள். இலை வரைந்த 9 பேரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். அதே இலையின் காம்பருகே ஒரு குறுக்குவெட்டு வரைந்து வரச் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டையில் என் பட்டறையில் இரண்டு பனந்துண்டுகள் இருக்கின்றன. ஞாயிறு தவிர எந்த நாளும் வந்து ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.